சாபம் பலித்த கரைக்கு மருந்துப் பெட்டி

நர்ஸ் வாயில் வரக்கூடாத ஒரு வசவை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, யூனிஃபார்மோடு, எல்லோர் காதிலும் விழும்படி கத்தியிருக்கிறேன். "பேதியில போக! குண்டு வச்ச பாவிங்க வாந்திபேதி வந்து கூண்டோட போக!" பக்கத்திலிருந்த சீன நர்ஸ் ஒருத்தி என் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பாவம், அவளுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே கட்டிலில் என் தம்பி இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்தான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கும் எங்களுக்கும் அப்போது ஆகாது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த வருஷங்களில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அக்கரை என்றால் போதும். அங்கிருந்து படகில் வந்த ஆட்கள் இங்கே கண்ட இடத்தில் குண்டு வைத்துவிட்டுப் போனார்கள். என் தம்பி ஒரு ஆபீசில் பியூன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கோப்பித் தட்டோடு நின்றிருக்கிறான். குண்டு வெடித்தது கீழே படிக்கட்டில். கதவு உடைந்து மொத்தமும் அவன் முகத்துக்கு வந்தது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண் இருந்தது. ஆனால் வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில், ஒரே அறையில் வளர்ந்தவர்கள் நாங்கள். பெற்றவர்கள் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தபோது சாமான் இறக்கக்கூட வராமல் ஜன்னலில் போய் நின்றுகொண்டு, "என்னா உயரம்க்கா, ஊரே தெரியுதுலா!" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்த ஜன்னலை அவன் அனுபவித்தது ஒரு வருஷம்கூட இருக்காது. அதன் பிறகும் அதே ஜன்னலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வெயில் முகத்தில் படும் நேரத்தை வைத்து, "மணி நாலாச்சா?" என்பான். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

அவன் கண்ணைப் பார்த்த டாக்டர் என்னோடு வேலை செய்தவர். ரவுண்ட்ஸில் அவர் பின்னால் நான் எத்தனையோ முறை தட்டோடு நடந்திருக்கிறேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வலது கண் இனி தேறாது, நீயே அவனுக்கு மெதுவாகச் சொல்லிவிடு என்றார். தம்பியிடம் மட்டும் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "அக்கா, கண்ணு வந்துருமா?" என்று கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம்டா" என்றேன்.

பாக்கலாம் என்றால் நம்மவர்களிடம் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் எழுந்து போகிறவர்கள் சொல்வது அது. வேலை கேட்டுப் போனவனை வாசலோடு அனுப்பச் சொல்வது. முகத்தை முறிக்காமல் இல்லை என்று சொல்ல நமக்கு வாய்த்த சொல். அவனுக்குப் புரியும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, "நீதான் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிட்டியே, அப்புறம் என்ன, பாத்துருவேன்" என்று சிரித்தான். கண்ணில்லாதவன் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. பார்க்க முடியும் என்று நர்ஸ் அக்காவே சொல்கிறாள், பிறகென்ன! அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

சரி, சாபத்துக்கு வருகிறேன். இரண்டு நாடும் சமாதானமாகிக் கை குலுக்கிக்கொண்டன. பெரிய மனிதர்கள் கை குலுக்கிக்கொள்வதற்கு என்ன, கண் போனது அவர்களுக்கா? அடுத்த மழைக்காலத்தில் அக்கரையில் காலரா கிளம்பிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். கரையோரக் கிராமங்களில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்களாம். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பேதியில போக என்றேனே, போகிறார்கள்! என் வாய் பலித்துவிட்டது என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்குத் தோசை நன்றாக வந்தது என்று தம்பி சொன்னான்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களைக் கூட்டிவைத்து அறிவித்தார்கள்: அக்கரைக்கு நம் நாடு மருந்து அனுப்பப் போகிறது. சலைன் பாட்டில்கள், தடுப்பூசி மருந்து, மாத்திரை, ஊசிகள். பெட்டி கட்டும் வேலைக்கு இரண்டு நர்ஸ்கள். அதில் ஒருத்தி நான். எனக்கு மலாய் நன்றாக வரும், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் பேச்சில் எழுத முடியும், அதனால் என்றார்கள்.

ஐம்பதுகளில் நாங்களே வரிசையில் நின்றவர்கள். கிளினிக் வாசலில் டின்னோடு நின்று வெளிநாட்டுப் பால்பவுடர் வாங்கிக் குடித்துத்தான் தம்பி வளர்ந்தான். காசநோய்க்குப் போட்ட ஊசி யாரோ கொடுத்தது, எனக்கு நர்ஸ் வேலை கற்றுக்கொடுக்க வந்தவர்கள் யாரோ அனுப்பியவர்கள். இன்றைக்கு நாம் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மேலதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முதன்முதலாகக் கொடுக்க ஆள் தேடியவர்களுக்கு என் தம்பி கண்ணைப் பிடுங்கியவர்களைத் தவிர வேறு யாருமே கிடைக்கவில்லையா?

எங்கள் தலைமை நர்ஸான சிஸ்டரிடம் போய், "என்னால முடியாது, வேற யாரையாவது போடுங்க" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் யூரேஷியப் பெண்மணி, கண்டிப்பானவர். தம்பி விஷயம் அவருக்குத் தெரியும். இருந்தும், நோயாளிக்கு நாடு கிடையாது என்றார். அது அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், எனக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். வாயை மூடிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். என் சாபத்தை என் கையாலேயே இறக்கச் சொல்கிறார்களே என்று ஒவ்வொரு பாட்டிலையும் வைக்கோலில் சுற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு பாட்டிலைக்கூட ஏனோதானோ என்று சுற்றவில்லை. பாட்டில் உடைந்தால் வேலையில் சோடை என்று என் பெயரல்லவா கெடும்!

பெட்டிகளை லாரியில் ஏற்ற வந்த ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒரு தமிழர், துறைமுகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். முதல் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்னா மிஸ்ஸி இது, இவ்வளவு கனக்குது?" நர்ஸ்களை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மருந்து."

"எந்த மருந்து? வெடிக்கிற மருந்தா, குடிக்கிற மருந்தா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பெட்டி எங்கே போகிறது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "அட! நமக்கு மருந்து வச்சவனுக்கே மருந்தா? நல்லா இருக்குலா மிஸ்ஸி நம்ம கத!"

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். தமிழில் மட்டுமில்லை, மலாயிலும் இதே விளையாட்டு உண்டு. ஊபாட் என்றால் மருந்து. ஊபாட் பெடில் என்றால் துப்பாக்கி மருந்து. அக்கரையிலும் பேச்சு அதேதான், கொஞ்சம் ராகம் மாறும், அவ்வளவுதான். கப்பலேற்றும் நாளில் பெட்டிகளை வாங்கிக்கொள்ள அங்கிருந்து ஒரு டாக்டர் வருகிறார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவர் முன்னால் நின்று ஒரே ஒரு வாக்கியம். "டுலு அவாக் காசி கித்தா ஊபாட் பெடில், செக்காராங் கித்தா காசி அவாக் ஊபாட்." அன்றைக்கு நீங்கள் எங்களுக்கு வெடிமருந்து கொடுத்தீர்கள், இன்றைக்கு நாங்கள் உங்களுக்கு மருந்து கொடுக்கிறோம். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், நேராகப் போய் நெஞ்சில் இறங்கும். வாங்குகிற கை கூசவேண்டும். கையேந்தி நிற்கும்போது எதிரில் யார் நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதை நான் சொன்னால் நர்ஸுக்கு வாய்க்கொழுப்பு என்று போய்விடும். கண் போனவன் சொல்லவேண்டும்.

தம்பியிடம் சொன்னபோது அவன் மறுப்பான் என்று நினைத்தேன். சண்டை சச்சரவு என்றால் ஒதுங்கிப் போகிறவன். "வர்றது நெசமாவே டாக்டரா?" என்று கேட்டான். "ஆமாடா, டாக்டர்தான். பெரிய பதவியாம்." சரி வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அடுப்படியில் வைத்து அவனுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஊபாட் பெடில் என்கிற இடத்தில் நிறுத்து, மூச்சு வாங்கு, பிறகு மெதுவாகச் சொல் என்றேன். அவன் மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். இருந்தாலும் நல்ல பிள்ளையாகத் திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அந்த நாள் காலையில் வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். வெளியே போனால் அவன் கறுப்புக் கண்ணாடி போடுவது வழக்கம். "இன்னைக்கு வேணாம், கழட்டு. அவன் நல்லாப் பாக்கட்டும்" என்றேன். அதற்கும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். குடும்பத்தாரைக் கூட்டி வரலாமா என்று சிஸ்டரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். என் மனசு மாறிவிட்டது என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நன்றாக நினைத்தார்!

துறைமுகத்தில் சுள்ளென்று வெயில். பெட்டிகளை வரிசையாக அடுக்கி ஒரு கொடியைப் போர்த்தியிருந்தார்கள். அதிகாரி ஒருவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஐஸில் வைத்த தடுப்பூசி மருந்து வெயிலில் நிற்கிறதே என்று எனக்கு ஒரு பக்கம் பதைபதைப்பு. பாருங்கள், அந்த நேரத்திலும் வேலை புத்தி போகவில்லை. மண்டோரிடம் கண்ணைக் காட்டினேன். அவர் பேச்சு முடியும்வரை காத்திராமல் அந்தப் பெட்டிகளை மட்டும் நிழலுக்கு இழுத்துவிட்டார்.

அக்கரை டாக்டரை அப்போதுதான் பார்த்தேன். மீசையும் தொப்பையுமாக ஒரு பட்டாளத்துக்காரனை நான் மனசில் கட்டி வைத்திருந்தேன். வந்தவர் ஒல்லி. தலையில் கறுப்புச் சொங்கோக் தொப்பி, கழுத்துப் பட்டை நைந்த சட்டை, சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன முகம். கைகள் இரண்டும் கிருமிநாசினியில் ஊறி ஊறி வெடித்திருந்தன. காலரா வார்டில் நின்றவர் கை அப்படித்தான் ஆகும், அது எந்த நர்ஸுக்கும் தெரியும். எனக்கு எரிச்சல் அதிகமானது. பழிவாங்க வந்த இடத்தில் எதிராளி இந்த மாதிரி வந்து நின்றால் எப்படி இருக்கும்? இல்லை, விடக்கூடாது என்று தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் வரிசையாக எல்லோருக்கும் கைகொடுத்து நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் முன்னால் வந்து நின்றார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். தையல் தழும்புகள், மூடிய இடது இமை, வெளுத்துப்போன வலது கண். அவர் முகம் மாறியது. எப்படி நடந்தது என்று கேட்கத் தேவையில்லாதபடி மாறியது. இதைத்தான் கேட்டேன் என்று என் மனசு குதித்தது. தம்பியின் முழங்கையை அழுத்தினேன்.

"டுலு அவாக் காசி கித்தா..." என்று தொடங்கினான். நிறுத்தினான். நான் நிறுத்தச் சொன்ன இடம் அதுவல்ல. மறுபடியும் அழுத்தினேன். அவன் என் கையிலிருந்து முழங்கையை விடுவித்துக்கொண்டான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி டாக்டரின் கையைத் தேடிப் பிடித்தான்.

"டொக்டோர், தோலோங். தோலோங் தெங்கோக் மாத்தா சாயா."

தோலோங் என்றால் தயவுசெய்து உதவுங்கள் என்று அர்த்தம். தயவுசெய்து என் கண்ணைப் பாருங்கள் டாக்டர் என்கிறான்! எவனைக் கையேந்த வைக்கவேண்டும் என்று நான் இத்தனை நாள் துடித்தேனோ, அவன் முன்னால் என் தம்பி கையேந்தி நிற்கிறான். எனக்குப் பூமி பிளந்துவிடக்கூடாதா என்றிருந்தது.

டாக்டர் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். அத்தனை பேர் நிற்கிறார்கள், கப்பல் காத்திருக்கிறது, அவர் அவசரப்படவில்லை. தம்பியை நிழலுக்குத் திருப்பி நிறுத்தி, இமையைத் தூக்கி, விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார். ஏதேதோ கேட்டார், தம்பி பதில் சொன்னான். போட்டோக்காரன் ஓடி வந்து அதைப் போட்டோ பிடித்தான், நாசமாய்ப் போனவன். பார்த்து முடித்ததும் டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யூனிஃபார்மைப் பார்த்தார். முகஜாடையைப் பார்த்து அக்கா என்று புரிந்துகொண்டார். நான் தலையை லேசாக ஆட்டினேன். வேண்டாம், சொல்லாதீர்கள். எதிரியிடம் நான் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

அவர் அதைப் பார்த்தார். பார்த்தும் தம்பியின் தோளில் கையை வைத்து, "தீடாக் பீசா லாகி, டிக்" என்றார். இனி முடியாது, தம்பி. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஒரு சொல்லையும் மென்று விழுங்கவில்லை. இரண்டாவது தடவையும் சொன்னார், அவனுக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது என்பதுபோல. தம்பி தலையை ஆட்டி, "தெரிமா காசே, டொக்டோர்" என்று நன்றி வேறு சொன்னான். நன்றியாம் நன்றி!

கண்ணை எடுத்தது அந்தக் கரை. மிச்சமிருந்த நம்பிக்கையையும் வந்து எடுத்துக்கொண்டு, எங்கள் மருந்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது அதே கரை. என் தம்பியைத் தம்பி என்று கூப்பிட அந்த ஆள் யார்? இன்றைக்கு அவர் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அந்தப் பெட்டிகளால் அங்கே பலர் பிழைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள், பிழைக்கட்டும். அவரை மட்டும் நான் மன்னிக்கவில்லை. வயதாகிவிட்டால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆறின மாதிரி தெரியவில்லை.

டாக்சியில் ஏறியதும் கதவைச் சாத்தக்கூட விடாமல் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, உனக்கு மானம் ரோஷம் இருக்கா? நான் சொல்லிக்கொடுத்தது என்ன, நீ சொன்னது என்ன? போயும் போயும் அவன்கிட்டயா கெஞ்சணும்? இங்க டாக்டருக்கா பஞ்சம்?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தான். காற்று அவன் முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"இங்க இருக்கற டாக்டருங்க எல்லாம் உனக்குத் தெரிஞ்சவங்க, அக்கா. நான் கேட்டா, முதல்ல உன் பக்கம் திரும்புறாங்க. குரல் அந்தப் பக்கம் போறது எனக்குக் கேக்கும்ல. அப்புறம் முதுகுல தட்டுறாங்க. அந்த ஆளுக்கு உன்னத் தெரியாது. என் மேல பாசமும் கெடையாது. அவர் சொன்னா நெசமா இருக்கும்னுதான் வந்தேன்."

"அதுக்காக..."

"வீட்டுல ஒரு நர்ஸ வச்சுக்கிட்டு, இத எதிரிகிட்டப் போயிக் கேக்கவேண்டியதாப் போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவன் கோபமாகச் சொல்லவில்லை. குவீன்ஸ்டவுன் வந்ததும் டாக்சிக்காரர் எந்த பிளாக் என்று கேட்டார். தம்பிதான் பதில் சொன்னான்.